உளுந்தின் மூன்று இலைகள்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் பனையையும் தென்னையையும் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் பச்சையில் பெரும்பகுதி ஒரே குடும்பத்துச் சொத்து. இரண்டு பக்கமும் சீமைக்கருவை. நடுநடுவே குடை பிடித்த மாதிரி மேலே தட்டையாகப் படர்ந்த உடைமரம். தரிசில் கொழிஞ்சி, மேட்டில் ஆவாரை, ஊர் வாசலில் புளி, கொல்லையில் அகத்தி. மழை பெய்த வருஷமானால் வயலில் உளுந்து, பாசி, தட்டாம்பயறு. அத்தனையும் அவரைக் குடும்பம். இந்தப் பட்டியலில் ஒன்றுக்குக்கூடத் தனியிலை கிடையாது. எல்லாம் கூட்டிலை.

புளிய இலை என்று நாம் கிள்ளி வாயில் போடுவது இலை அல்ல, இலையின் ஒரு துண்டு. சந்தேகம் இருந்தால் காம்பின் அடியைப் பாருங்கள். முழு இலையின் காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். சிற்றிலைக்கு அடியில் அது இருக்காது. அப்படிப் பார்த்தால் உளுந்தில் மூன்று சிற்றிலைகள் சேர்ந்தால்தான் ஓர் இலை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உளுந்து முளைத்து எழும்போது வரும் முதல் ஜோடி இலைகள் தனியிலைகள்தான். அதற்கு அடுத்த இலையிலிருந்துதான் மூன்று மூன்றாக வரத் தொடங்கும். ஒரே செடி, ஒவ்வொரு செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதி, ஆனால் இரண்டு விதமான இலை. என்ன செய்வது என்று எழுதியிருப்பது ஒன்று, அதை எப்போது படிப்பது என்பது வேறு.

நான் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பிறகு இன்ஜினியரிங். தாவரவியலை முறையாகப் படித்தவன் இல்லை. இதற்குள் என்னை இழுத்துவிட்டது ஆர்.எஸ். மங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா. அவருக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. ஒரு வருஷம் மழை தை வரை விட்டுவிட்டுப் பெய்தது. நெல் அறுத்த ஈரத்தில் போட்ட உளுந்து முழங்காலுக்கு மேல் வளர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிற்றிலைகள், கரும்பச்சையில். பார்த்தவர்களெல்லாம் "சொக்க வைக்குதேய்யா" என்றார்கள். விலக்கிப் பார்த்தால் உள்ளே காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"நான் ஆடா பொறந்திருந்தா இந்த வருஷம் பணக்காரன்" என்றார் சித்தப்பா. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏப்பா, இந்த எலையக் கொறச்சு அந்தச் சத்தெல்லாம் காய்க்குப் போற மாதிரி ஒரு வெத கெடையாதா? நீங்கதான் எல்லாத்துக்கும் ஒரு புரோகிராம் எழுதுறியளே" என்றார்.

அது வெறும் ஆதங்கம் இல்லை. அவர் மகன், என் தம்பி முறை, திருப்பூரில் வேலை பார்க்கிறான். நிலத்தை அப்படியே கருவைக்கு விட்டுவிடலாம் என்பது அவன் கட்சி. விதை வேண்டாம், உரம் வேண்டாம், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்குக் கொடுத்தால் கைக்குக் காசு. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ புஞ்சைகள் அப்படித்தான் காடாகின. ஆகவே சித்தப்பாவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது: உளுந்து போடுவதில் இனி அர்த்தம் இருக்கிறதா?

"தேடிப் பாக்குறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேடத் தேட, அவர் கேட்டது மாதிரியே ஒரு செடி ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. உளுந்தில் அல்ல, பட்டாணியில்.

பட்டாணி இலையில் அடியில் சிற்றிலைகள், நுனியில் பற்றுக்கம்பிகள். 'அஃபிலா' என்றொரு மரபணு பழுதானால் சிற்றிலைகள் எல்லாமே பற்றுக்கம்பிகளாகிவிடும். செடியில் இலை என்று சொல்ல மிஞ்சுவது காம்படியில் இருக்கும் பெரிய இலையடிச் செதில்கள் மட்டும். இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு மரபணு உண்டு. அது பழுதானால் பற்றுக்கம்பிகள் எல்லாம் சிற்றிலைகளாகும். பழைய ஆட்கள் அந்தச் செடிக்கு 'அகேசியா பட்டாணி' என்றே பெயர் வைத்தார்கள். நம்மூர் உடைமரமும் அண்மைக்காலம் வரை அந்த அகேசியா வகையில்தான் இருந்தது. அஃபிலா பட்டாணி இன்று ஆய்வகப் பொம்மை இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வயலில் விளையும் உலர்பட்டாணியில் பெரும்பாலானது இந்த அரையிலை வகைதான். பற்றுக்கம்பிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் செடி சாயாது, உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும், இயந்திரத்தால் அறுக்கலாம். இலை போயும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை.

இதைப் படித்ததும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க மண்ணுல ஈரம் நிக்குமா?"

நிற்கும். அதுதான் விஷயம். குளிர்ந்த ஈரநாட்டில் பட்டாணிக்குப் பிரச்சினை சாய்வதும் அழுகுவதும். நம் புஞ்சையில் பிரச்சினை மாசி வெயில். இலை விரித்த நிழல்தான் மண்ணின் கடைசி ஈரத்தைக் காக்கிறது. அதுபோக, பயறுச் செடியில் இலை என்பது ஒரு வங்கி. விதை முற்றும்போது அதற்கு வேண்டிய நைட்ரஜனை வேரால் மட்டும் கொடுத்து முடியாது. செடி தன் இலைகளைக் கரைத்துக் காய்க்கு அனுப்புகிறது. சோயாவையும் மற்ற பயிர்களையும் ஒப்பிட்டு 1975இல் சின்க்ளேரும் டி விட்டும் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். சித்தப்பாவுக்கு அந்தக் கட்டுரை தேவையில்லை. காய் கறுக்கும்போது இலை மஞ்சளாவதை அவர் நாற்பது வருஷமாகப் பார்க்கிறார்.

ஆனால் நான் நின்றுபோன இடம் வேறு. இலையைத் தனியாகப் பிடித்து மாற்றலாம் என்பது அஃபிலாவைப் பார்த்தால் வரும் நம்பிக்கை. பட்டாணியிலேயே இன்னொரு பிறழ்வு இருக்கிறது, அந்த நம்பிக்கையைக் கலைப்பதற்கென்றே. 'யூனிஃபோலியேட்டா'. பெயரே ஓரிலை என்று சொல்கிறது. இந்த மரபணு வேலை செய்யாவிட்டால் பட்டாணியின் நீண்ட சிறகிலை சுருங்கி ஒற்றை இலையாகிவிடும், அல்லது மிஞ்சிப்போனால் மூன்று சிற்றிலைகளோடு நிற்கும். நார்விச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் ஜூலி ஹோஃபரும் உடன் வேலை செய்தவர்களும் 1997இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அது ஏற்கெனவே தெரிந்த ஆளாக இருந்தது. மற்ற செடிகளில் 'லீஃபி' என்ற பெயரில், மொட்டைப் பார்த்து "நீ பூவாகு" என்று உத்தரவிடும் மரபணு. பூவுக்கான அதிகாரி, பட்டாணியில் இலையையும் கவனித்துக்கொள்கிறார். அதனால்தான் யூனிஃபோலியேட்டா செடியில் இலை மட்டும் கெடுவதில்லை. பூவும் கெடுகிறது. இதழோ மகரந்தமோ இல்லாத மலட்டுப் பூ. இலை எளிமையானது, காய் இல்லாமலே போனது.

எப்படி ஒரே மரபணு இரண்டு வேலை பார்க்கும்? தண்டின் நுனியில், குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில், எதுவாகவும் ஆகக்கூடிய செல்கள் இருக்கின்றன. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு கிளம்பினால் அது இலையாகப் போகிறது என்று அர்த்தம். தனியிலைச் செடியில் அந்தப் புடைப்பு உடனே முடிவெடுத்துவிடும்: நான் இலை, அகன்று தட்டையாவது மட்டும்தான் இனி வேலை. கூட்டிலைச் செடியில் அந்த முடிவு தள்ளிப்போகிறது. புடைப்பின் ஓரங்கள் இன்னும் கொஞ்ச நேரம் தண்டு நுனியைப் போலவே நடந்துகொண்டு தம் பங்குக்குப் புடைப்புகளைக் கிளப்புகின்றன. அவைதான் சிற்றிலைகள். தக்காளியில் இந்தத் தாமதத்தைக் காப்பது நாக்ஸ் என்ற மரபணுக் குழு. பட்டாணியும் அதன் நெருங்கிய சொந்தங்களும் அந்த வேலையைப் பூவின் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டன. சோயா இருக்கும் கிளையில் இலை முளைக்கும்போது நாக்ஸ் இன்னும் இருக்கிறது, பூ மரபணுவுக்குச் சின்னப் பங்குதான் என்று 2007இல் காட்டினார்கள். உளுந்தும் தட்டாம்பயறும் அந்தக் கிளைக்காரர்கள். ஆக, கூட்டிலை என்பது முடிவெடுக்கத் தாமதித்த இலை. எங்கள் வீட்டில் ஒரு பெரியப்பா அப்படி இருந்தார். அவருக்குச் சொத்து ஒன்றும் சேரவில்லை. செடிக்குச் சேர்ந்திருக்கிறது.

இனி உளுந்துக்கே வருகிறேன். சித்தப்பாவின் கேள்விக்கு நேரடியாகப் பேசும் ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஜப்பானில் கென் நைட்டோவும் மற்றவர்களும் செய்தது. அவர்கள் கையில் ஒரு பிறழ்வு உளுந்து. சாதாரணச் செடியோடு ஒப்பிட்டால் இலை இரண்டு மடங்கு. செடியின் மொத்த எடை ஒன்றரை மடங்கு. விதையின் அளவு 70 சதவிகிதம் அதிகம். செல்கள் பெரிதாகவில்லை, செல்களின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது. காரணத்தைத் துரத்திப் போனால், மரபணு வரிசையில் எட்டே எட்டு எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன. அந்த மரபணுவின் பெயர் 'பீபாட்', சுருக்கமாக பிபிடி. அதன் வேலை, வளரும் உறுப்பில் செல்கள் பிரிவதைப் பார்த்து "போதும்" என்று சொல்வது. போதும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் இலை வளர்ந்துகொண்டே போகிறது, ஓரமெல்லாம் நெளிநெளியாக. விதையும் அதே கணக்கில்.

வியாபாரி கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்வது விதையின் பருமனைத்தான். எனவே இது லாட்டரி மாதிரித் தோன்றும். அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அந்தச் செடியில் விதைகளின் எண்ணிக்கை 40 சதவிகிதம் குறைவு.

பெருக்கிப் பாருங்கள். நூறு விதை இருந்த இடத்தில் அறுபது. ஒவ்வொன்றும் 1.7 மடங்கு. அறுபதை 1.7ஆல் பெருக்கினால் 102.

இந்த 102-ஐப் பார்த்துக்கொண்டே ஒரு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மடங்கு இலை, ஒன்றரை மடங்கு செடி, மூட்டையில் ஏறுவது கிட்டத்தட்டப் பழைய எடை. விதை பெரிதாக இருப்பதால் விலை கூடலாம், அது நிஜமான லாபம்தான். ஆய்வாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சித்தப்பா கேட்டது அதுவல்ல.

அவர் கேட்டதற்குப் பக்கத்தில் வருவது சோயாவின் கதை. சோயாவில் சில ரகங்களுக்கு அகலமான சிற்றிலை, சிலவற்றுக்கு வேல் மாதிரி ஒடுங்கிய சிற்றிலை. ஒடுங்கிய இலைச் செடியில் நான்கு விதைக் காய்கள் அதிகமாக இருக்கும் என்பது விதைப்பண்ணைக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டு மரபணுக்களா, அல்லது ஒரே ஆளா என்பதுதான் சந்தேகம். 2012இல் தென்கொரிய ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்: ஒரே ஆள். ஒரே மரபணுவில், புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இலை ஒடுங்குகிறது, காய்க்குள் விதை கூடுகிறது. கூடிய விதை சற்றுச் சிறுத்தும் போகிறது.

உளுந்தில் இலை பெருத்தால் விதை பெருத்து எண்ணிக்கை குறைகிறது. சோயாவில் இலை ஒடுங்கினால் எண்ணிக்கை கூடி விதை சிறுக்கிறது. வேறு வேறு மரபணுக்கள், வேறு வேறு செடிகள், ஆனால் பேரம் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தேதியை வடிவமைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் இருந்தது. பதினைந்து வருஷப் பழசு. யாரோ அதை ஒரு ரிப்போர்ட்டுக்காகத் திருத்த, வேறொரு டீமின் பில்லிங் நின்றுபோனது. இரண்டும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுகின்றன என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. செடிக்கும் இதுதான் கதை என்று முடித்துவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பாதிதான் சரி. மென்பொருளில் அந்த இணைப்பு சோம்பேறித்தனத்தால் வந்தது. செடியில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: காயே ஓர் இலை.

இதை 1790இல் கதே எழுதினார். கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பூவின் எல்லா உறுப்புகளும் இலையின் மாற்றுருவங்கள் என்பது அவர் வாதம். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம், பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் போதும். சூலகத்தின் அலகுக்கு அதில் இருக்கும் சொல் 'சூலிலை'. யார் போட்ட சொல்லோ, கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு பச்சை அவரைக்காயை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். ஓர் இலையை நடுநரம்போடு மடித்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்டினால் என்ன கிடைக்குமோ அதுதான் அது. ஒட்டிய தையலில்தான் விதைகள் தொங்கும். பிளந்தால் ஒன்று இந்த ஓட்டில், அடுத்தது அந்த ஓட்டில் என்று மாறிமாறி நிற்கும், இரண்டு ஓரங்களுக்கும் பங்கு உண்டு என்பதால். இலையின் அகலத்தைத் தீர்மானிக்கிற மரபணு காய்க்குள் எத்தனை விதை என்பதிலும் மூக்கை நுழைப்பதில் என்ன ஆச்சரியம்? அதைப் பொறுத்தவரை அது இன்னோர் இலைக்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் சொல்ல ஒரு பொங்கல் விடுமுறை தேவைப்பட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்தோம், உச்சிவெயில். அவர் குறுக்கிட்டு உளுந்தைக் காட்டினார். காலையில் தட்டாக விரிந்திருந்த சிற்றிலைகள் இப்போது ஓரத்தைச் சூரியனுக்குக் காட்டி நிமிர்ந்து நின்றன. "வாடல இது. மொகத்தத் திருப்பிக்கிருச்சு. சாயங்காலம் சரியாயிரும்" என்றார். வாடிய இலைக்கும் திரும்பிய இலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதைப்பு என்ற ஒரு சிறு முண்டு இருக்கிறது. அதன் செல்களில் நீர் ஏறி இறங்குவதால் இலை திரும்புகிறது. ராத்திரி புளிய இலை தூங்குவதும் தொட்டாற்சுருங்கி சுருங்குவதும் அதே உறுப்பால்தான். அந்த முண்டை உண்டாக்கும் மரபணுவை லூசர்ன் தீவனப்புல்லின் சொந்தக்காரச் செடி ஒன்றில் 2012இல் கண்டார்கள். பட்டாணியிலும் அதே மரபணு. அது பழுதானால் முண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காம்பு மாதிரி ஒன்று வரும், இலை அசையாது. பெரிய இலை வேண்டும், சின்ன இலை வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்க, செடி உச்சிவெயிலில் தன் இலையைத் தானே சின்னதாக்கிக்கொள்கிறது, சாயங்காலம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அளவைக் குறைத்த எந்த ரகத்திலும் இந்தத் திரும்பப் பெறும் வசதி இல்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம், முழுக்கக் கருவை. அதன் இலையை ஒடித்துப் பார்த்தேன். காம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்றிலைகள். சிறகுக்குள் சிறகு. தாமதித்த இலையின் ஓரமும் தாமதித்தால் வருவது இது. கொண்டைக்கடலையில் ஒரே ஒரு மரபணு பழுதானால் அதன் சாதாரணச் சிறகிலை இப்படிப் பல அடுக்காகப் பிரிந்துகொண்டே போகும் என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரத்துக்கு அது பழுது இல்லை, பிழைப்பு. துண்டு துண்டான இலை காற்றில் சீக்கிரம் சூடு ஆறும். ஆடு அந்த இலையைச் சீண்டாது, காயை மட்டும் தின்று விதையை ஊரெல்லாம் போடும். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஜேசிபிகள் வந்தன, போயின. மரம் இருக்கிறது.

எனக்கு அந்த மரத்தின் மேல் கோபம் வருவதில்லை. தம்பியின் மேலும்தான். அவன் கணக்கு தவறான கணக்கு அல்ல. ஆனால் கருவை இலைக்கு யாரும் பேரம் பேச வேண்டியதில்லை, நமக்கு அதனிடம் கேட்க ஒன்றும் இல்லை, விறகைத் தவிர. உளுந்திடம் நாம் விதை கேட்கிறோம். அங்கேதான் 102 வந்து நிற்கிறது.

"அப்ப எலையக் கொறைக்குற வெத இல்லேங்குற" என்றார் சித்தப்பா.

"இருந்தாலும் நம்ம வெயிலுக்கு ஒத்துவராது சித்தப்பா. ஒண்ணக் கொறச்சா இன்னொண்ணும் கூட வருது."

அவர் ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. "அப்ப அந்த வருசம் காய்க்காததுக்கு எலை காரணமில்ல. மழைதான். பூக்குற நேரத்துல மழை நிக்காம போச்சு, பூவெல்லாம் உதுந்துபோச்சு, செடி வேற வேலை இல்லாம எலையா விட்டுருச்சு." நான் ஒரு வருஷம் படித்ததை அவர் தன் வழியில் திருப்பிப் போட்டுவிட்டார். இலை காயைத் தின்னவில்லை. காய்க்கு வழியில்லாத செடி இலையாக வளர்ந்தது. காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்வது என் தொழிலில்தான் ஜாஸ்தி.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஏக்கரில் மட்டும் உளுந்து போட்டார். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கும் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்து ரகம், மஞ்சள் தேமல் தாங்குவது. இரண்டு சதவிகித டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை தெளித்தார். இன்னொரு ஏக்கரைத் தரிசாக விட்டார். அதில் கருவைக் கன்றுகள் தலைகாட்டியிருக்கின்றன, அவர் பிடுங்கவில்லை. தம்பிக்கும் எனக்கும் நடுவே அவர் போட்ட வரப்பு அது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

மாசியில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. பின்னால் காற்று இரைச்சல். "பத்துச் செடி பிடுங்கி எண்ணினேன், எழுதிக்க. மொதச் செடி, காய் இருபத்தி ரெண்டு. காய்க்கு ஆறு வெத, சிலதுல ஏழு. எலை அடியில மஞ்சளாக ஆரம்பிச்சிருச்சு. ரெண்டாவது செடி, காய் பத்தொம்பது. இதுல ஒரு எலைக்கு நாலு துண்டு இருக்கு, மூணுக்குப் பதிலா. அதத் தனியா வச்சிருக்கேன், நீ வரும்போது பாத்துக்க. மூணாவது செடி..."